தொழிலில் நேர்மையை முதலாளிகளின் மனசாட்சிக்கே விட்டுவிடலாமா, அரசு தலையிட வேண்டுமா?

அரசு தலையிட்டே ஆக வேண்டும். அப்போதுதான் நேர்மையான முதலாளி தொழிலில் நிலைக்க முடியும். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதியவன் நான். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு நிறையப் போட வேண்டும். கழிவுநீரில் நிறத்தை ஓரளவு பிரித்துவிடலாம், கரைந்த உப்பு லேசில் போகாது. அதற்கு உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வேண்டும். ஆர்.ஓ. ஒதுக்கும் நீரைக் காய்ச்சி ஆவியாக்க எவாப்பரேட்டர் வேண்டும். இயந்திரம் வாங்கியதோடு செலவு தீராது, விறகுக்கும் கரண்டுக்கும் தினமும் பணம் போகும். அதெல்லாம் கிலோவுக்கு இவ்வளவு என்று சாயக் கூலியில்தான் வந்து ஏறும். பக்கத்துப் பட்டறைக்காரர் ராத்திரியில் ஓடையில் திறந்துவிட்டால் அவருக்கு அந்தச் செலவே இல்லை, கூலியைக் குறைத்துச் சொல்வார். பனியன் கம்பெனிக்காரர் துணியை யாரிடம் கொடுப்பார்? அவரையும் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் விலையில் நெருக்கிக்கொண்டிருக்கிறார். ஒழுங்காக நடப்பவர்தான் ஆர்டரை இழக்கிறார். இங்கே மனசாட்சியை நம்பி என்ன செய்ய?

தண்ணீர் மாசைத் தடுக்கும் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. 1992இல் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். சில வருடங்களில் அதில் சாயக்கழிவுதான் தேங்கியது. அணை கேட்டுப் போராட வேண்டிய விவசாயிகள், அந்தத் தண்ணீரை வயலுக்கு விடாதே என்று போராடினார்கள். கிணறுகள் உப்பாகின. சட்டம் இருந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது, அமல்தான் இல்லை.

கடைசியில் விவசாயிகள் சங்கம்தான் கோர்ட்டுக்குப் போனது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே வரக்கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்புறமும் நிற்கவில்லை. 2011 ஜனவரியில் எல்லாப் பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. சுத்திகரிப்புக்குச் செலவழித்தவரும் செலவழிக்காதவரும் ஒன்றாகப் பூட்டினார்கள். வேலை போன தொழிலாளிகள் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். ஆரம்பத்திலேயே தப்பு செய்த பத்துப் பேரின் கரண்டைத் துண்டித்திருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு மாநில அரசு, பல பட்டறைகளின் கழிவுநீரை ஒன்றாகச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிலையங்கள் சரிசெய்யப்பட்டு, பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. நேர்மையைக் கேட்கிற அரசு அதற்கான வழியையும் செய்து தர வேண்டும் என்பதால் இதை நான் சலுகை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் கெடுபிடி திருப்பூரோடு நின்றால் போதாது. இங்கே மூடியதும் சிலர் பக்கத்து மாவட்டங்களில் அனுமதியில்லாமல் பட்டறை போட்டார்கள். ஒரு ஆற்றுக்கு ஒரு விதி, இன்னொரு ஆற்றுக்கு வேறு விதி என்று இருந்தால், முறையாகச் செலவு செய்கிறவர் மறுபடியும் அதே கூலிப் போட்டியில்தான் மாட்டுவார். அதனால் வாரியத்தின் சோதனை எல்லா மாவட்டத்திலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், அதன் முடிவுகளை அந்தந்த ஊர்க்காரர்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.