மானமும் தாழ்மையும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் சபையில் பல ஆண்டுகளாகக் காணிக்கைக் கணக்கைப் பார்த்து வந்தேன். நான் பணத்தைக் கையாடிவிட்டதாக ஒருவர் கிளப்பிவிட்ட பேச்சு இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. கணக்கைத் தணிக்கை செய்யுங்கள் என்று மூப்பர்களிடம் கேட்டேன். அவர்களோ, "கிறிஸ்தவனுக்கு ஏது மானம், அவமானம்? மறு கன்னத்தைத் திருப்பிக் கொடுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். என் பெயரைக் காத்துக்கொள்ள நினைப்பது பெருமையா?

பதில்: பெருமையல்ல, சகோதரரே. உங்கள் மூப்பர்கள் சொன்ன வசனம் மெய்யானது. ஆனால் அதை எடுத்த இடம் தவறு.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் வெறுமனே கன்னம் என்று சொல்லாமல் "வலது கன்னத்தில்" என்று குறித்துச் சொல்கிறார் (மத்தேயு 5:39). எதிரே நிற்பவனின் வலது கன்னத்தில் வலது கையால் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் அறைய முடியும். அக்காலத்தில் அது காயப்படுத்துவதற்கான அடியல்ல, ஆளைக் கேவலப்படுத்துவதற்கான அடி. யூதரின் சட்டத் தொகுப்பான மிஷ்னா, உள்ளங்கையால் அறைந்தவனுக்கு 200 சூஸ் (அக்கால வெள்ளிக்காசு) என்றும் புறங்கையால் அறைந்தவனுக்கு அதைப்போல் இரு மடங்காக 400 சூஸ் என்றும் அபராதம் விதிக்கிறது. ஆகவே ஆண்டவர் பேசுவது அவமானத்தைப் பற்றியே. அவமானப்படுத்தினவனை நீயும் அவமானப்படுத்தாதே, உன் கனம் அவன் கையில் இல்லை என்பதால் அதை அவனிடமிருந்து பிடுங்கி மீட்க வேண்டிய தேவையும் உனக்கில்லை என்கிறார். பொய்யை மெய்யென்று ஒத்துக்கொள் என்றோ, விசாரணை கேட்காதே என்றோ அந்த வசனத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அதைச் சொன்னவரே அறையப்பட்டபோது என்ன செய்தார் என்று பாருங்கள். பிரதான ஆசாரியனுக்கு முன்பாகக் கட்டுண்டு நிற்கிறார். அருகே நின்ற சேவகன் ஒருவன் ஓங்கி அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவும் இல்லை. ஆனால் பேசாமலும் இருக்கவில்லை: "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்கிறார் (யோவான் 18:23). இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆதாரம் இருந்தால் காட்டு என்று அமைதியாகக் கேட்கும் ஒரு மனிதர் நிற்கிறார். நீங்கள் மூப்பர்களிடம் கேட்டிருப்பதும் இதைத்தானே? பிறகு அவர் பிலாத்துவுக்கு முன்பாக மௌனமாக நின்றதும் உண்மை. மௌனத்திற்கும் ஒரு நேரம் உண்டு. ஆனால் அந்த மௌனத்தை அவரே தேர்ந்துகொண்டார், பிறர் அவர் மேல் சுமத்தவில்லை.

பிலிப்பி பட்டணத்தில் பவுலும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள். மறுநாள் அதிகாரிகள் அவர்களைச் சந்தடியில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தபோது, பவுல் "அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்று மறுத்துவிட்டார் (அப்போஸ்தலர் 16:37). கிறிஸ்துவின் நிமித்தம் எல்லாவற்றையும் நஷ்டமென்று எண்ணிய அதே பவுல்தான் இப்படிச் சொன்னார். அவர் நஷ்டஈடு கேட்கவில்லை, அதிகாரிகளைத் தண்டிக்கவும் கேட்கவில்லை. அந்தப் பட்டணத்தில் அப்போதுதான் முளைத்திருந்த சபை, குற்றவாளிகள் தொடங்கிய கூட்டம் என்ற பழியோடு வாழக்கூடாது என்ற அக்கறையே அவரை அப்படிப் பேச வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 13ஆம் நூற்றாண்டில் இதே கேள்வியை எடுத்துக்கொண்ட இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், நிந்தையைத் தாங்க மனம் எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும், ஆனாலும் நிந்திக்கிறவனின் துணிச்சலை அடக்கி அவனுக்கே நன்மை செய்யவும், நம்மைப் பார்த்து நடக்கும் பலர் இடறாமல் இருக்கவும் சில வேளைகளில் எதிர்த்து நிற்பது தகும் என்று எழுதினார்.

உங்கள் காரியத்தில் இந்த இரண்டு காரணங்களும் இருக்கின்றன. காணிக்கைப் பணம் உங்களுடையதல்ல, சபையினுடையது. ஒரு சந்தேகம் விசாரிக்கப்படாமல் கிடந்தால் உங்கள் பெயரோடு சேர்ந்து கொடுப்பவர்களின் நம்பிக்கையும் கெடுகிறது. எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தை எடுத்துச் செல்லும்போது, ஒருவரும் குற்றப்படுத்த இடமில்லாதபடி பவுல் வேறு சகோதரரையும் உடன் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று அதற்குக் காரணமும் சொன்னார் (2 கொரிந்தியர் 8:20, 21). சாமுவேல் தன் முதிர்வயதில் இஸ்ரவேலர் எல்லாருக்கும் முன்பாக நின்று, நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், சாட்சி சொல்லுங்கள் என்று தானே கேட்டார் (1 சாமுவேல் 12:3). அந்தத் தீர்க்கதரிசியைப் பெருமைக்காரர் என்று எவரும் சொன்னதில்லை.

எனவே முதலில் அந்தப் பேச்சைக் கிளப்பியவரைத் தனியே சந்தியுங்கள். பயனில்லையென்றால் இரண்டொருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கும் அவர் இணங்காவிட்டால் தணிக்கைக் கோரிக்கையை எழுத்தில் சபைக்குக் கொடுங்கள். மத்தேயு 18 காட்டும் வழி இதுவே. கணக்கு முடியும்வரை அவரைப் பற்றி நீங்கள் யாரிடமும் குறை பேசாமலிருங்கள், ஏனெனில் நியாயம் கேட்பது பழிவாங்கலாக மாறுவது பெரும்பாலும் அங்கேதான். மானம் போனால் இரத்தம் சிந்தியாவது மீட்க வேண்டும் என்று கிறிஸ்தவப் பிரபுக்களே வாளெடுத்து இருவர் மோதும் சண்டைகளில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் அதில் ஈடுபடுவோரைச் சபைக்குப் புறம்பாக்கி, அதில் சாகிறவர்களுக்குத் திருச்சபை அடக்கமும் இல்லை என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. இன்று வாள் இல்லை. நாவு இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் அடியும் உதையும் வாங்குகிற மனைவியிடம் இந்த மறு கன்ன வசனத்தை எடுத்து நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது வேதவாக்கியத்தைக் கொண்டே செய்யும் கொடுமை. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது தப்பியோடினான். தமஸ்குவில் பவுல் கூடையில் இறங்கித் தப்பினார். மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யாத கணவனின் ஜெபங்களுக்கே தடை வரும் என்று பேதுரு எழுதியிருக்கிறார் (1 பேதுரு 3:7). இப்படிப்பட்ட நிலையிலிருக்கும் சகோதரிகள் தயங்காமல் வெளியேறி, பாதுகாப்பையும் சட்டத்தின் உதவியையும் நாட வேண்டும்.

கேள்வி: நான் பொறுப்பாளராக இருக்கும் இடத்தில், எனக்குக் கீழே வேலை செய்யும் இளைஞர் ஒருவரை எல்லார் முன்பாகவும் தவறாகக் குற்றஞ்சாட்டிவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் பிறகு யாரும் எனக்கு மரியாதை கொடுக்கமாட்டார்கள் என்று தோன்றுகிறது. தனியே கேட்டால் போதாதா?

பதில்: எல்லார் முன்பாகவும் எடுத்த மானத்தை எல்லார் முன்பாகவும்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். சகேயு தான் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாக வெளிப்படையாகவே சொன்னான். மனிதரின் நற்பெயரும் பணத்தைப் போல ஓர் உடைமையே. உடல், வாழ்க்கைத்துணை, உலகப் பொருள் ஆகியவற்றுக்கு அடுத்து, நாம் இழக்கக்கூடாத இன்னொரு செல்வம் நற்பெயர் என்று மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் சொல்கிறார்.

உங்கள் பயத்தைப் பற்றி: சவுலும் தாவீதும் இருவருமே "பாவஞ்செய்தேன்" என்று சொன்னவர்கள். சவுல் அதைச் சொன்ன கையோடு, மூப்பருக்கும் இஸ்ரவேலுக்கும் முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் கேட்டான் (1 சாமுவேல் 15:30). தாவீது நாத்தானிடம் அப்படி எதையும் கேட்கவில்லை. ஜனங்களின் கண்ணில் மதிப்புக் குறையக்கூடாது என்ற ஒரே கவலையில் வாழ்ந்த சவுலின் முடிவையும் நாம் வாசித்திருக்கிறோம். அந்த இளைஞரிடம், முன்பு பேசிய அதே இடத்தில், அதே ஆட்கள் இருக்கும்போது, "நான் சொன்னது தவறு" என்று சொல்லுங்கள். விளக்கமோ சாக்கோ சேர்க்க வேண்டாம்.

கேள்வி: சபைக் கூட்டங்களில் என்னைக் கவனியாமல் வசதியுள்ளவர்களை முன்வரிசைக்கு அழைத்து உட்கார வைக்கிறார்கள். மனம் வலிக்கிறது. இது பாவமா?

பதில்: வலிப்பது பாவமல்ல. முன்வரிசை கிடைத்தால் அந்த வலி தீர்ந்துவிடுமா என்று மட்டும் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். தீர்ந்துவிடும் என்றால், யாக்கோபு 2ஆம் அதிகாரம் கண்டிக்கும் பாவத்தை நீங்கள் வெறுக்கவில்லை, அதன் பலன் உங்களுக்கு வரவில்லை என்றே வருந்துகிறீர்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு ஒரு இடம், கந்தை உடுத்தினவனுக்குப் பாதபடியண்டை என்ற பழக்கத்தை மாற்றச் சபை நிர்வாகத்திடம் பேசுங்கள். உங்களுக்காக அல்ல, உங்களுக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்காகப் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் வாலிபர் குழுவில் ஒருவர் பாவத்தில் விழுந்து, மனம் வருந்தி, போதகரிடம் அறிக்கையிட்டார். இப்போது சிலர், அவர் சபை முழுவதற்கும் முன்பாக எல்லா விவரங்களையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்கிறார்கள். தங்கள் கருத்து?

பதில்: விவரங்களைக் கேட்கிறவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று சோதித்துப் பார்க்கட்டும். சபையாருக்கு ஏற்கெனவே தெரிந்த, சபையைப் பாதித்த குற்றத்தைச் சபைக்கு முன்பாக ஒப்புக்கொள்வதற்கு இடமுண்டு. பிறருக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் அதை மறைக்கவே கூடாது. சட்டம் விசாரிக்க வேண்டிய குற்றத்தைச் சபையின் நற்பெயருக்காக மூடுவது இன்னொரு குற்றம். நீங்கள் எழுதியிருப்பது அவ்வகையல்ல. தானாக வந்து அறிக்கையிட்டு மனந்திரும்பிய ஒருவரின் பாவத்தை, அதை அறியாதவர்களுக்கும் பரப்புவது எட்டத்திலிருந்து பார்க்கப் பரிசுத்த வைராக்கியம் போலத் தோன்றினாலும் அது புறங்கூறுதலே.

தண்டனைக்குரிய குற்றவாளிக்கும் நியாயப்பிரமாணம் ஓர் எல்லை வைத்தது. நாற்பது அடிக்கு மேல் அடிக்கக்கூடாது, அடித்தால் "உன் சகோதரன்" உன் கண்களுக்கு முன்பாக நீசனாய்த் தோன்றுவான் என்று உபாகமம் 25:3 சொல்கிறது. முந்தின வசனத்தில் அவன் குற்றவாளி. அடி முடிகிற இடத்தில் அவன் சகோதரன்.

தாவீதின் ஊழியக்காரரை அம்மோன் ராஜாவாகிய ஆனூன் பிடித்து, ஒரு பக்கத்துத் தாடியைச் சிரைத்து, வஸ்திரங்களை இடுப்பளவில் கத்தரித்து அனுப்பிவிட்டான். அவர்கள் மிகவும் வெட்கப்பட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் தாவீது அவர்களை அரண்மனைக்கு வரச் சொல்லி நடந்ததைக் கேட்டு அறியவில்லை. எதிர்கொண்டுபோக ஆள் அனுப்பி, தாடி வளருமட்டும் எரிகோவில் இருந்துவிட்டுப் பிறகு வாருங்கள் என்று சொல்லச் சொன்னான் (2 சாமுவேல் 10:4, 5). அவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனாலும் வெட்கத்திலிருக்கும் மனிதனை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நுட்பமான பாடத்தை நான் வேதத்தில் வேறெங்கும் கண்டதில்லை.

உங்கள் போதகர் அந்த வாலிபரைச் சில மாதங்கள் பொறுப்புகளிலிருந்து விடுவித்து, முதிர்ந்த ஒருவரின் துணையில் வைப்பது போதுமானது. குழுவினர் கேட்டால், "அவர் காரியத்தைப் போதகர் கவனிக்கிறார்" என்ற ஒரே பதிலை எல்லாரும் சொல்லுங்கள். அதற்கு மேல் துருவிக் கேட்பவர்களுக்கும் அதே பதில்தான்.