எருக்குக்கு இங்கே ஒரு பங்காளி

தம்பி, முத்தியால்பேட்டையிலிருந்து வந்து அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் வீடு வாங்கியிருக்கிறேன், வாசல் புல்லை எடுத்துவிட்டு இந்த ஊர் மண்ணின் செடிகளை வைத்தால் ஹெச்ஓஏ என்ற குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கம் சண்டைக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். நான் கடலூர், மஞ்சக்குப்பம். இங்கே 18 வருடம் ஆகிறது. அந்தச் சண்டையைப் போட்டுப் பார்த்தவன்.

தாராளமாக வைக்கலாம். 2021 அக்டோபர் முதல் மேரிலாந்தில் அதற்குச் சட்டமே இருக்கிறது. தேனீ, பட்டாம்பூச்சிக்கான தோட்டம், மழைநீரை மண்ணில் இறக்கும் தோட்டம், தண்ணீர் அதிகம் கேட்காத தோட்டம் எதையும் சங்கம் நியாயமில்லாமல் தடுக்கக் கூடாது. கொஞ்சமாவது புல்தரை இருந்தே ஆக வேண்டும் என்றும் சொல்லக் கூடாது. இதே மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் ஒரு தம்பதி தங்கள் சங்கத்தோடு மல்லுக்கட்டியதுதான் இதற்கு வித்து. வேறு மாநிலம் போனால் கதை வேறு.

ஆனால் தோட்டத்தைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் மாட்டியது அங்கேதான். மில்க்வீட் என்ற, நம்ம எருக்குக்கு உறவான செடியின் நாற்று நட்ட இரண்டாம் வருடம், கோடையில் கடலூர் போய்விட்டேன். திரும்பி வந்தால் இடுப்பளவு காடு, கதவில் நோட்டீஸ். நடுவில் திசில் என்ற முட்செடி வேறு. அது வீட்டுக்காரரே ஒழிக்க வேண்டிய களை என்று தனிச் சட்டம். என்ன வாதாடுவது?

அப்புறம் நடைபாதையை ஒட்டி இரண்டடிக்குப் புல்லை விட்டு ஒட்ட வெட்டினேன். செங்கல்லில் வரப்பு கட்டினேன். உயரமான செடிகள் சுவரோரம் போயின. முன்வரிசைக்குப் பிளாக் ஐட் சூசன். மாநிலப் பூவே அதுதான், அதைக் களை என்று யார் சொல்வது! செடிப் பெயர்களோடு படம் வரைந்து சங்கத்தின் கமிட்டிக்கு எழுத்தில் கொடுத்தேன், ஒரு மாதத்தில் சரி என்றார்கள். என்னைக் கேட்டால், சட்டத்தை விட அந்த வரப்புதான் வேலை செய்தது. நீங்கள் படத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811க்குப் போன் செய்யுங்கள். கேஸ் குழாயும் கரண்ட் கேபிளும் போகும் இடத்தைக் காசு வாங்காமல் குறித்துக் கொடுப்பார்கள். செம்பருத்தியும் மல்லியும் இந்த மண்ணின் செடிக் கணக்கில் வராது. தொட்டியில் வைத்துக் குளிருக்கு உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள்.

மில்க்வீடை மட்டும் விடாதீர்கள். சாதாரண வகை வேர் ஓடிப் பக்கத்து வீடு வரை போகும், சதுப்பு மில்க்வீட் என்றால் நட்ட இடத்தில் நிற்கும். தேவனாம்பட்டினம் மணலில் பார்த்திருப்பீர்களே எருக்கு, அதே குடும்பம். அங்கே எருக்கிலையைத் தின்று வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு வளர்கிறது. இங்கே மில்க்வீடைத் தின்பது அதன் பங்காளி, மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு. அந்தப் புழுவுக்கு வேறு இலை இறங்காது.

போன ஆகஸ்டில் ஒரே செடியில் 11 புழு. வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். "எருக்கஞ்செடியைக் கொண்டுபோய் வாசலிலா வைப்பாய்? பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும்?" என்று ஒரே திட்டு. அந்தப் பால் விஷயம் மில்க்வீடுக்கும் உண்மைதான், கிள்ளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.