கிச்சன மாத்த 5 லட்சம் பெர்சனல் லோன் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார், நாங்க திருச்சி. 1999ல கட்டுன சொந்த வீடு, கிச்சன் 10க்கு 8. சிங்க் ஓரம் சுவரெல்லாம் ஓதம் ஏறி பெயிண்ட் உதிருது, மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் ஒரே பிளக் பாயின்ட் தான். மாமியாருக்கு 72 வயசு, அவங்களும் நானும் சேர்ந்து தான் சமைக்கறோம். தை மாசம் பொண்ணுக்கு நிச்சயம் பண்ணலாம்னு பேச்சு போகுது, அதுக்குள்ள மாடுலர் கிச்சன் போட்டுடலாம்னு கேட்டதுல 4,85,000 கொட்டேஷன் குடுத்திருக்காங்க. பெர்சனல் லோன் 14 பர்சென்ட்ல 5 வருஷத்துக்கு அவங்களே ஏற்பாடு பண்றாங்களாம், டேக்ஸும் மிச்சமாகும்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் சம்பளம் கைக்கு 74,000, என் டியூஷன் வருமானம் 8,000. வீட்டு லோன் இஎம்ஐ 19,000 இன்னும் 6 வருஷம் இருக்கு. வீட்டுச் செலவு 40,000 ஆகுது. எஃப்டி 2.5 லட்சம், ஆவணியில முடியற சீட்டு 1 லட்சம். அவருக்கு 54 வயசு. போடலாமா சார்?

பதில்: வேணாம்மா. கிச்சன மாத்துங்க, கண்டிப்பா மாத்தணும், ஆனா இந்த லோன்ல வேணாம், இந்த கொட்டேஷன்லயும் வேணாம்.

முதல்ல லோன் கணக்க பாத்துடுவோம். 5 லட்சம், 14 பர்சென்ட், 5 வருஷம்னா மாசம் சுமார் 11,630 கட்டணும், மொத்தமா கட்டி முடிக்கறப்ப 6,98,000 ஆயிருக்கும், அதாவது வட்டி மட்டும் கிட்டத்தட்ட 2 லட்சம். உங்களுக்கு இப்ப மாசம் மிஞ்சறது 23,000, அதுல பாதி கிச்சனுக்கே போயிடும், அதுவும் பொண்ணு கல்யாணம் வர்ற நேரத்துல. நிச்சயம் முடிஞ்ச கையோட மண்டபம், நகை, சமையல்னு வரிசையா வரும், அப்ப மறுபடி லோன் கேக்க போனா ஏற்கனவே ரெண்டு இஎம்ஐ ஓடுதேன்னு தான் பேங்க்ல முதல்ல பாப்பாங்க. நகைய அடகு வைக்கற யோசனை வந்தாலும் இப்ப வேணாம், அந்த நகைக்கு இன்னும் கொஞ்ச நாள்லயே வேலை இருக்கு.

டேக்ஸ் மிச்சம்னு சொன்னது முழு உண்மை இல்ல. வீட்டு ரிப்பேருக்கு வாங்கற லோன் வட்டிக்கு பழைய வரி முறையில வருஷம் 30,000 வரைக்கும் தான் கழிக்க முடியும், அதுவும் வீட்டு லோன் வட்டிக்கான 2 லட்சம் லிமிட்டுக்குள்ளயே வரும். புது முறையில இருந்தீங்கன்னா நாம குடியிருக்கற வீட்டுக்கு இந்த கழிவே கிடையாது. அசல் கட்டறதுக்கு வரிக்கழிவும் கிடையாது.

அடுத்து அந்த கொட்டேஷன எடுத்து கடைசிப் பக்கத்த படிங்க. அனேகமா இடிக்கறது, பைப், வயரிங், டைல்ஸ், கிரானைட் எதுவுமே அதுல இருக்காது, “சிவில் வேலை கஸ்டமர் பொறுப்பு”ன்னு ஒரு வரி இருக்கும். ஜிஎஸ்டி 18 பர்சென்ட் உள்ளயா வெளியயான்னும் பாருங்க. அப்ப 4,85,000ங்கறது பொட்டிக்கும் கதவுக்கும் மட்டும் தான், உங்க ஓதம் ஏறுன சுவர் அப்படியே தான் இருக்கும், அது மேலயே புது கப்போர்டு உக்காரும்.

எங்க வீட்லயே இது நடந்துச்சு. சிங்குக்கு கீழ எம்டிஎஃப் (மரத்தூள அழுத்தி செய்யற) பலகையில பொட்டி அடிச்சுக் குடுத்தாங்க, பாக்க பளபளன்னு இருந்துச்சு, மூணாவது வருஷம் ஒரு நாள் திறந்து அடிப்பலகைய விரலால அழுத்தினேன், ஊறப்போட்ட அவல் மாதிரி பொங்கி கையோட வந்துடுச்சு. பைப் ஜாயின்ட்ல சொட்டு சொட்டா கசிஞ்சது தான் காரணம். பலகைய மாத்தறதுக்கு முன்னாடி சுவர உடைச்சு பைப்ப தான் மாத்த வேண்டியிருந்துச்சு, ரெண்டு செலவு. அதனால தான் எல்லாருக்கும் சொல்றேன், நல்ல கிச்சனோட காசு சுவருக்கு உள்ளயும் நம்ம கை நிக்கற உயரத்துலயும் போகணும், கதவு அப்புறம் எப்ப வேணா மாட்டிக்கலாம்.

உங்களுக்கு நான் சொல்ற வழி ரெண்டு கட்டமா. முதல் கட்டம் ஆவணியில சீட்டு 1 லட்சம் கைக்கு வந்ததும் ஆரம்பிங்க, இப்ப இருந்து மாசம் 20,000 தனியா எடுத்து வச்சா அதுக்குள்ள மூணு மாசத்துல 60,000 சேரும், ஆக 1.6 லட்சம். எஃப்டிய தொடாதீங்க. உங்க ஆறு மாச செலவு இஎம்ஐயோட சேத்து 3.5 லட்சம் ஆகுது, இருக்கறது 2.5 தான், அதுவே பத்தாது. பிஎஃப்ல எடுக்கலாம்னு யாராவது சொன்னாலும் 54 வயசுல வேணாம்.

இந்த 1.6 லட்சத்துல என்ன பண்ணணும்னா, பழைய ஜிஐ (இரும்பு) பைப்ப எடுத்துட்டு சிபிவிசி (பிளாஸ்டிக்) பைப் போட்டு, மூடறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தண்ணி விட்டு பாக்கணும். ஓதம் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு பழைய பூச்ச கொத்தி எடுத்துட்டு பூசணும். போர்டுல இருந்து கிச்சனுக்கு தனி லைன் இழுத்து, மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், ஆர்ஓ எல்லாத்துக்கும் தனித்தனி பாயின்ட், அது போக 16 ஆம்ப்ஸ் பாயின்ட் ரெண்டு, ஏன்னா இன்டக்ஷன் ஒண்ணே 2,000 வாட்ஸ் இழுக்கும், ஒரு நாள் சிலிண்டர் தீர்ந்தா அத தான் வைக்கப் போறீங்க.

மேடை உயரத்த கொத்தனார் கிட்ட விடாதீங்கம்மா, இதுல நான் பிடிவாதமாவே சொல்வேன். செருப்பில்லாம நேரா நின்னு முழங்கைய மடக்குங்க, தரையில இருந்து முழங்கை வரைக்கும் டேப் பிடிச்சு அளங்க, அதுல இருந்து 4 இன்ச் கழிச்சா காய் நறுக்கற மேடை உயரம். நீங்க 5 அடி ஒரு இன்ச்சுன்னா 33, 34 இன்ச் வரும். கேட்டா 36ன்னு வழக்கமா ஒரு அளவு சொல்வாங்க, அதுக்கு மேல அடுப்பு, அதுக்கு மேல குக்கர்னு ஏறினா மூடி போடறப்ப தோள தூக்க வேண்டியிருக்கும், பத்து வருஷம் தினமும் மூணு வேளை அந்த தோள் வலிய யார் தாங்கறது. அடுப்பு வர்ற பக்கம் முடிஞ்சா ரெண்டு மூணு இன்ச் இறக்கிடுங்க. மாமியாரயும் நிக்க வச்சு அளந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க, அவங்க உக்காந்து கீரை ஆய ஒரு ஸ்டூல் போடற இடமும் விடுங்க. கிரைண்டருக்கு முழங்கால் உயரத்துல ஒரு திட்டு கட்டி பக்கத்துலயே பாயின்ட் குடுத்துட்டா தூக்கி இறக்கற வேலையே இல்ல.

மேடைக்கு கீழ ப்ளைவுட் பொட்டியே தேவையில்ல, கடப்பா கல்லுல தடுப்பும் தட்டும் போட்டுக்கங்க, தண்ணி பட்டாலும் ஊறாது, கரையானும் வராது. சிலிண்டர் வைக்கற அறைய முழுசா மூடாதீங்க, காஸ் காத்த விட கனமானது, கசிஞ்சா தரையில தான் தேங்கும், அதனால கீழ ஓட்டை இருக்கணும். சிம்னிக்கு இப்ப காசு போடாதீங்க, ஜன்னல் பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும், ஆனா பின்னாடி வைக்கற யோசனை இருந்தா 6 இன்ச் ஓட்டை மட்டும் இப்பவே விட்டுடுங்க.

தீபாவளிக்குள்ள டைல்ஸ், கிரானைட்டோட இது முடிஞ்சுடும். நிச்சயத்துக்கு வர்றவங்க புது டைல்ஸ், புது கிரானைட், நல்ல வெளிச்சத்த தான் பாப்பாங்க, கீழ கதவு இல்லன்னு யாரும் குறை சொல்லப் போறதில்ல.

ரெண்டாவது கட்டம் கல்யாணம் முடிஞ்சப்புறம், தடுப்புக்கு ஃப்ரேமும் ஷட்டரும், மேல லாஃப்ட்டுக்கு கதவும். உள்ளூர் ஆசாரி கிட்டயே குடுங்க, ப்ளைவுட்ல ஐஎஸ் 710 (தண்ணி தாங்கற மெரைன் ப்ளைவுட்) முத்திரை இருக்கான்னு நீங்களே புரட்டிப் பாருங்க, ஸ்டீல் கூடைன்னா சீக்கிரம் துருப்பிடிக்காத 304 கிரேடுன்னு பில்லுல எழுதி வாங்குங்க. கையில காசு பத்தலன்னா அப்ப வீட்டு லோன் பேங்க்லயே 1.5 லட்சம் டாப் அப் (அதே லோன் மேல கூடுதல் கடன்) கேளுங்க. 9.5 பர்சென்ட்னு வச்சாலும் 3 வருஷத்துல மாசம் 4,800 தான், வட்டி மொத்தம் 23,000 போல. வீட்டு லோன் முடியற வரைக்கும் இழுத்துக் குடுக்கறேன்னு சொல்வாங்க, 3 வருஷம் தான் வேணும்னு எழுதிக் குடுங்க.

அட்வான்ஸ் யாருக்கும் பாதிக்கு மேல குடுக்காதீங்க, கடைசி பத்து பர்சென்ட்ட வேலை முடிஞ்சு ரெண்டு வாரம் தண்ணி ஓடி பாத்துட்டு குடுங்க. டைல்ஸ் ஒட்டறதுக்கு முந்தின நாள், பைப்பும் வயரும் போற இடத்துல டேப்ப விரிச்சு வச்சு ஒவ்வொரு சுவரயும் ஃபோன்ல படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிடுங்க, அடுத்த வருஷம் ஆசாரி வந்து டிரில் போடறப்ப அந்த படத்த காட்டுங்க.