ஆமையின் குடலில் புழு: நாய் மருந்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். மகள் வளர்க்கும் ஹெர்மன் வகை நில ஆமையின் மலத்தில் வெள்ளை நூல் துண்டுகளைப் போன்ற சிறு புழுக்கள் நெளிகின்றன. தீனி வழக்கம்போல் எடுக்கிறது. நாய்க்கு வாங்கிய புழு மருந்து வீட்டில் இருக்கிறது. அதில் சிறிது கொடுக்கலாமா? மகளுக்கும் புழு தொற்றுமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். நாய்களுக்கான சில மருந்துகளில் உள்ள ஐவர்மெக்டின், ஆமையின் நரம்பு மண்டலத்தைப் பாதித்து, கால்களைச் செயலிழக்கச் செய்து, மூச்சையும் நிறுத்திவிடக்கூடியது. சிறிதளவுதானே என்று எண்ணுவதற்கு இங்கே இடமே இல்லை.

நீங்கள் கண்டவை பெரும்பாலும் ஊசிப்புழுக்களாக இருக்கலாம். நலமாக உள்ள ஆமைகளின் குடலிலும் இவை சிறிதளவு காணப்படுவது இயல்பே என்பதால், பதற வேண்டியதில்லை. எடை குறைவது, தீனியை மறுப்பது, செரிக்காத இலைகள் மலத்தில் வருவது ஆகியவையே கவலைக்குரிய அறிகுறிகள். புதிய மலத்தைச் சிறு டப்பாவில் மூடி, உறைய விடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஊர்வனவற்றுக்குச் சிகிச்சையளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் விரைவில் சேர்ப்பியுங்கள். நுண்ணோக்கியில் முட்டைகளைப் பார்த்த பிறகே மருந்து தேவையா என்று அவரால் சொல்ல முடியும்.

தேவையெனில், ஃபென்பெண்டசோல் என்ற மருந்தையே பொதுவாகத் தருவார்கள். அதுவும் தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை. ஹெர்மன் ஆமைகளிலேயே அதனால் இரத்த வெள்ளையணுக்கள் குறைந்தது ஆய்வில் பதிவாகியுள்ளது. ஆகவே சமையலறைத் தராசில் ஆமையை எடை பார்த்து, மருத்துவர் அந்த எடைக்கு வகுத்த அளவை மட்டுமே கொடுக்க வேண்டும்.

மருந்தைவிடத் துப்புரவையே நான் பெரிதும் வலியுறுத்துவேன். ஊசிப்புழு பரவுவதற்கு இடையில் வேறோர் உயிரினத்தின் உடல் எதுவும் தேவையில்லை. மலத்தோடு வெளியேறும் முட்டை, மண்ணிலும் இலையிலும் ஒட்டி அதே ஆமையின் வாய்க்குத் திரும்பிவிடுகிறது. மலத்தை அன்றாடம் அகற்றுங்கள். கூண்டின் அடிப்பரப்பு மண்ணை முழுவதும் மாற்றுங்கள். தீனியைத் தரையில் போடாமல் தட்டில் வையுங்கள். வெதுவெதுப்பான நீரில், தாடைக்குக் கீழே நிற்கும் அளவில், 15 அல்லது 20 நிமிடம் ஆமையை விட்டால் அது நீர் அருந்தும். பெரும்பாலும் மலமும் கழிக்கும். அந்த நீரைத் தோட்டத்தில் ஊற்றாமல் கழிப்பறையில் கொட்டுங்கள்.

இப்புழுக்கள் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் ஆமைகளிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், தொட்டபின் மகள் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் மலத்தை மீண்டும் பரிசோதியுங்கள்; அதன் முடிவு வரும்வரை ஆமையைக் குளிர்கால உறக்கத்திற்கு அனுப்பாதீர்கள்.