முதலில் டிரம்ஸைக் கேளுங்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

நீங்கள் அடிக்கடி புகழும் ஆல்பங்களில் நான்கை எடுத்து இந்த மாதம் முழுக்கக் கேட்டேன். டெத் கிரிப்ஸின் ‘தி மணி ஸ்டோர்’, நேபாம் டெத்தின் ‘ஸ்கம்’, மெஷுகாவின் ‘கேயாஸ்ஃபியர்’, ஓட்டெக்கரின் ‘ட்ரை ரெபிட்டே’. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முதல் மூன்றிலும் யாரோ கத்திக்கொண்டே இருக்கிறார்கள், நான்காவதில் ஆளே இல்லை. எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், ஆனாலும் வரிகள் புரியவில்லை. மெலடி எங்குமே இல்லை. நிஜமாகவே ரசித்துத்தான் கேட்கிறீர்களா, அல்லது நாலு பேருக்குத் தெரியாததைக் கேட்கிறோம் என்ற பெருமைதானா? கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. இந்த ஆல்பங்கள் முறையே ஹிப்-ஹாப், பங்க், மெட்டல், எலக்ட்ரானிக், ஆனால் நான்கையும் ஒரே மூச்சில் பேசுகிறீர்கள். கேட்டவரையில் இவற்றுக்குள் எந்த உறவும் எனக்குத் தெரியவில்லையே?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

கோபமெல்லாம் இல்லை. பெருமை விஷயத்தை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். இந்த இசை கேட்கும் கூட்டத்தில் அது நிச்சயம் உண்டு. யாரும் கேள்விப்படாத பேண்டின் பெயரைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்ப்பது, ஆல்பத்துக்கு ஆல்பம் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக்கொண்டே இருப்பது, ஒரு பேண்ட் கொஞ்சம் பிரபலமானதும் ‘பழைய மாதிரி இல்லை’ என்று கைகழுவுவது, எல்லாம் நடக்கிறது. ஆனால் பெருமைக்காக ஒரு ஆல்பத்தை ஒரு முறை கேட்கலாம், இரண்டு முறை கேட்கலாம். வருடக்கணக்கில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது, திரும்பத் திரும்பக் கேட்க முடியாது. நான் ‘தி மணி ஸ்டோர்’ கேட்பது பெரும்பாலும் பாத்திரம் கழுவும்போதுதான். அங்கே பெருமையடிக்க ஆள் கிடையாது.

உங்கள் கடிதம் முழுக்கக் குரலைப் பற்றியும் மெலடியைப் பற்றியுமே பேசுகிறது. டிரம்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். நாம் கேட்டுப் பழகிய பாட்டுகளில் குரல் முன்னால் நிற்கும், மெட்டு அதைத் தாங்கும், தாளம் பின்னால் உட்கார்ந்திருக்கும். இந்த ஆல்பங்களில் அந்த வரிசை தலைகீழ். இங்கே பாட்டைத் தாங்குவது தாளம், மற்றதெல்லாம் அதன் மேல் வந்து மோதும் பொருட்கள். குரல் உட்பட. அதனால் முதல் இரண்டு முறை குரலை அப்படியே விட்டுவிடுங்கள். புரியாவிட்டால் புரியாமலே போகட்டும். டிரம்ஸை மட்டும் விடாமல் பின்தொடருங்கள்.

மெஷுகாவின் ‘கேயாஸ்ஃபியர்’ (1998) ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் ‘நியூ மில்லெனியம் சயனைட் கிரைஸ்ட்’ என்று ஒரு பாட்டு. டிரம்மர் தோமஸ் ஹாகே ஒரு கையால் சிம்பலில் நேரான நான்கைப் போட்டுக்கொண்டே இருப்பார், அது எந்தக் காரணத்துக்காகவும் அசையாது. கிடார்களும் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் சேர்ந்துகொண்டு வேறொரு கணக்கில் ஓடும். ஒரு அடியை நான்காகப் பிரித்து எண்ணினால் பிரதான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி) 23 எண்ணிக்கை நீளம். அதை ஐந்து முறை வாசிக்கிறார்கள், 115 ஆகிவிட்டது. ஆறாவது முறை ஆரம்பித்து 13-லேயே வெட்டிவிடுகிறார்கள், மொத்தம் 128. அந்தப் பக்கம் சிம்பல், ஆவர்த்தனத்துக்கு 16 வீதம் எட்டு ஆவர்த்தனம் முடித்திருக்கிறது. அதுவும் 128. இரண்டும் ஒன்றாகச் சமத்தில் வந்து விழும். தாளக் கணக்கு கொஞ்சம் பழகியவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை, கோர்வை சரியாக வந்து முடியும்போது முகத்தில் வரும் அதே சிரிப்புதான். நீங்கள் எண்ணவே வேண்டாம். காலால் சிம்பலோடு சேர்ந்து தட்டிக்கொண்டே இருங்கள், கிடார் உங்களை இழுத்துப் போகப் பார்க்கும், போகாதீர்கள். எட்டாவது ஆவர்த்தனம் முடியும் இடம் தானாகவே தெரியும். அதற்கு மேலே ஒருவர் ஏறக்குறைய ஒரே ஸ்தாயியில் கத்திக்கொண்டிருக்கிறார் என்பது அப்போது பெரிதாகப் படாது. அவர் மெட்டுப் பாடினால்தான் கணக்கு கலங்கிப்போகும்.

இப்போது உறவு பற்றிய கேள்வி. உங்கள் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

‘ஸ்கம்’ 1987-இல் வந்தது. நேபாம் டெத், இங்கிலாந்தின் பர்மிங்காம் பையன்கள். ஆல்பத்தின் இரண்டு பக்கங்களையும் வாசித்தது கிட்டத்தட்ட வேறு வேறு ஆட்கள், இரண்டிலும் இருப்பவர் டிரம்மர் மிக் ஹாரிஸ் ஒருவர்தான். 28 பாட்டு, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதில் ‘யூ சஃபர்’ என்ற பாட்டின் நீளம் ஒரு நொடியும் கொஞ்சமும், கின்னஸில் ஏறியது. எல்லோரும் அதைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள், அதை விடுங்கள். முதல் பக்கத்தில் கிடார் வாசித்தவர் ஜஸ்டின் பிராட்ரிக், அப்போது பதின்வயதுப் பையன். அவர் அடுத்து ஆரம்பித்ததுதான் காட்ஃப்ளெஷ். மெட்டல் பேண்ட், ஆனால் டிரம்மர் கிடையாது, டிரம் மெஷின். அவர்களுடைய ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ (1989) ஆல்பத்தில் ‘கிரைஸ்ட்பெய்ட் ரைசிங்’ பாட்டின் தாளம், எரிக் பி – ரகீம் ஜோடியின் ‘மைக்ரோஃபோன் ஃபீண்ட்’ என்ற ராப் பாட்டின் பீட்டைப் பார்த்துப் போட முயன்றது என்று பிராட்ரிக்கே சொல்லியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒன்று துள்ளும், இன்னொன்று அதே நடையை இரும்புச் செருப்போடு நடக்கும்.

கதை அங்கே முடியவில்லை. அதே பிராட்ரிக், கெவின் மார்ட்டினோடு சேர்ந்து டெக்னோ அனிமல் என்று ஒன்றை நடத்தினார். 2001-இல் வந்த அவர்களுடைய ‘தி பிரதர்ஹுட் ஆஃப் தி பாம்’ ஆல்பத்தில் டயலெக், எல்-பி போன்ற ராப்பர்கள் பாடியிருக்கிறார்கள். மார்ட்டின் பிறகு ‘தி பக்’ என்ற பெயரில் ‘லண்டன் ஜூ’ (2008) செய்தார், அது வயிற்றில் அடிக்கும் எலக்ட்ரானிக் இசை. மிக் ஹாரிஸும் நேபாம் டெத்தை விட்டு வெளியேறி ஸ்கார்ன் என்று ஆரம்பித்து, கடைசியில் கிடாரே இல்லாத கனமான பீட்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரே ஆல்பத்தில் வாசித்த இரண்டு பேரைப் பின்தொடர்ந்தாலே பங்க், மெட்டல், ஹிப்-ஹாப், எலக்ட்ரானிக் நான்கும் வந்துவிடுகின்றன. நான் ஒரே மூச்சில் பேசுவதற்கு இதுதான் காரணம். கடைக்காரர்கள் வேறு வேறு அலமாரியில் வைத்தார்கள், வாசித்தவர்கள் அப்படி வைக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ (1986), த்ராஷ் எனும் அதிவேக மெட்டலின் உச்சம் என்று பலர் சொல்வது, வெளிவந்தது டெஃப் ஜாம் என்ற ஹிப்-ஹாப் கம்பெனியிலிருந்து. தயாரித்த ரிக் ரூபின் அதில் எதிரொலியை அநேகமாகத் துடைத்து எடுத்துவிட்டார். அதுவரை மெட்டல் என்றால் குகைக்குள் வாசிப்பதுபோல் ஒரு முழக்கம் இருக்கும், இதில் டிரம்ஸ் காதுக்குப் பக்கத்தில் வறட்சியாக விழும், ராப் ரெக்கார்டில் விழுவதைப் போலவே. இரண்டு வருடம் கழித்து பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவினர் அதே ஆல்பத்தின் ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ கிடாரை வெட்டியெடுத்து ‘ஷீ வாட்ச் சேனல் ஜீரோ’வில் வைத்தார்கள். பீஸ்டி பாய்ஸ் ராப்புக்கு முன்னால் ஹார்ட்கோர் பங்க் பேண்டாக இருந்தவர்கள். பங்கிலிருந்து மெட்டலுக்கு இன்னொரு வழி பிளாக் ஃபிளாகின் ‘மை வார்’ (1984). முதல் பக்கம் வழக்கமான வேகம், இரண்டாம் பக்கத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் இழுக்கும் மூன்றே மூன்று மந்தமான பாட்டுகள். வேகத்துக்காகவே வந்த பங்க் ரசிகர்கள் கடுப்பானார்கள். ஸ்லட்ஜ் என்கிற மந்தமான, கனத்த மெட்டல் அந்தப் பக்கத்திலிருந்துதான் முளைத்தது. எனக்கும் அந்த இரண்டாம் பக்கம்தான் பிடிக்கும்.

ஓட்டெக்கரில் ஆளே இல்லை என்கிறீர்கள். இருக்கிறார்கள், ஷான் பூத், ராப் பிரவுன் என்று இரண்டு பேர், எலக்ட்ரோவும் ஹிப்-ஹாப்பும் கேட்டு வளர்ந்தவர்கள், கிராஃபிட்டி வட்டத்தில் பழக்கமானவர்கள். அவர்கள் 1994-இல் செய்த ஒரு குறும்பைச் சொல்கிறேன். திறந்தவெளியில் இரவெல்லாம் நடக்கும் ரேவ் நடனக் கூட்டங்களை அடக்க பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த இசையைத் தடுக்கிறோம் என்று சட்டத்தில் எழுத வேண்டுமே, அதனால் ‘திரும்பத் திரும்ப வரும் பீட்டுகள்’ என்கிற பொருளில் எழுதி வைத்தார்கள். ஓட்டெக்கர் ‘ஆன்ட்டி’ என்ற இ.பி.யை (சில பாட்டுகளே கொண்ட குறு ஆல்பம்) வெளியிட்டு அதில் ‘ஃப்ளட்டர்’ என்று ஒரு பாட்டை, எந்த இரண்டு ஆவர்த்தனத்திலும் ஒரே பீட் வராதபடி புரோகிராம் செய்தார்கள். மற்ற இரண்டு பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பீட் உண்டு, சட்டம் வந்தால் அவற்றைப் போடாதீர்கள், இதைப் போடலாம், ஆனாலும் பக்கத்தில் ஒரு வக்கீலையும் ஒரு இசை நிபுணரையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று உறையின் மேலேயே டி.ஜே.க்களுக்கு அறிவுரை. பாட்டை வெறுமனே கேட்டால் ஒழுங்காக, அழகாக ஓடுவதுபோல்தான் இருக்கும். எங்கே மாறுகிறது என்று பிடிக்க உட்கார்ந்தால் அரை மணி போய்விடும்.

பரியல் என்பவரின் ‘அன்ட்ரூ’ (2007) இன்னும் வேடிக்கை. எலக்ட்ரானிக் இசையில் பீட்டுகளைக் கட்டத்துக்குள் அச்சு பிசகாமல் அடுக்கித்தரும் மென்பொருள்தான் பொதுவழக்கம். இவர் அதைத் தொடாமல், சவுண்ட் ஃபோர்ஜ் என்ற எடிட்டரில் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்து ஒவ்வொரு தட்டலையும் தானே வைத்தார். அதனால் ஸ்னேர் டிரம்மின் அடி கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே விழும், யாரோ நடந்து வருவதுபோல் ஒரு தள்ளாட்டம் இருக்கும். மெட்டல்காரர் பிராட்ரிக் மெஷினைத் தேடிப் போகிறார், கணினியில் இசை செய்பவர் கையைத் தேடிப் போகிறார். மெஷுகாவும், ஹாகே போன்ற ஒரு டிரம்மரை வைத்துக்கொண்டு, ‘கேட்ச் தர்ட்டித்ரீ’ (2005) ஆல்பத்தின் டிரம்ஸை முழுக்க புரோகிராம் செய்தார்கள். எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்தது அதுதான், ‘கேயாஸ்ஃபியர்’ அதற்கு அடுத்துதான்.

வரிகள் புரியவில்லை என்பது பற்றி. டெத் கிரிப்ஸில் அது குறையில்லை. அந்தக் குழுவின் பாதி மூளை டிரம்மர் ஜாக் ஹில், ராப் பாடும் எம்சி ரைடு தன் குரலையும் ஒரு தாளக்கருவியாகவே பயன்படுத்துகிறார். ‘ஐ’வ் சீன் ஃபுட்டேஜ்’ பாட்டை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள், அது அசல் டான்ஸ் பாட்டு. (அவர்கள் அதே 2012-இல், கம்பெனியின் சம்மதம் இல்லாமலே அடுத்த ஆல்பத்தை இணையத்தில் இலவசமாகக் கொட்டி ஒப்பந்தத்தைத் தொலைத்தார்கள். அந்த ‘நோ லவ் டீப் வெப்’ இன்னும் வறண்டது, இன்னும் நல்லது. அதற்குப் பின் வந்தவற்றில் பாதி எனக்கு வேண்டாம்.) வரிகள்தான் வேண்டும் என்றால் கிளிப்பிங் என்ற ராப் குழுவைக் கேளுங்கள். அதில் பாடும் டவீட் டிக்ஸ் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒவ்வொரு அசையும் தெளிவாக விழும். ராப்பில் எல்லோரும் ‘நான், நான்’ என்று பாடும்போது, அவர்கள் தன்மையில் எழுதுவதில்லை என்று ஒரு விதியே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய 2014 ஆல்பத்தில் ‘கெட் அப்’ என்று ஒரு பாட்டு, அதன் பீட் ஒரு அலாரம் கடிகாரத்தின் பீப் சத்தம். எழுப்பும் சத்தம் கடைசிவரை நிற்பதே இல்லை. முதல் அரை நிமிடம் எரிச்சல், பிறகு கோரஸில் மெட்டு வந்து சேரும்போது அந்த பீப்பே இனிமையாகிவிடும். இந்தப் பாட்டில் உங்களுக்குப் பிரியமான மெலடியும் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்வதால் சத்தமாக இருப்பதெல்லாம் நல்ல இசை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகைகளில் குப்பையே அதிகம். யோசனை எதுவும் இல்லாதபோது டிஸ்டார்ஷனைத் திருகிவிட்டு ‘பரிசோதனை’ என்று எழுதிவிடுவது ரொம்ப சுலபம். நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான், வால்யூமை நன்றாகக் குறைத்துக் கேட்பது. ‘தி மணி ஸ்டோர்’ குறைந்த சத்தத்திலும் நடக்கும், தாளம் தெரியும், எங்கே நிறுத்தினார்கள் என்பது தெரியும். போலிகள் அப்போது மின்விசிறி ஓடுவதுபோல் ஆகிவிடும்.

டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லாத ஆல்பங்களும் உண்டு, அங்கே நான் சொன்னது எதுவும் செல்லாது. எர்த் பேண்டின் ‘எர்த் 2’ (1993) மூன்றே பாட்டு, 70 நிமிடத்துக்கு மேல், பெரும்பகுதி கிடாரின் ரீங்காரம் மட்டும். இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்றால் வயர் பேண்டின் ‘பிங்க் ஃபிளாக்’ (1977). பங்க், 21 பாட்டு, 35 நிமிடம், மெட்டு நிறைய உண்டு. எழுதிய வரிகள் தீர்ந்ததும் பாட்டை நிறுத்திவிடுவார்கள், ‘ஃபீல்ட் டே ஃபார் தி சண்டேஸ்’ அரை நிமிடம்கூடத் தாண்டாது. டிரம்ஸ் அலங்காரமே இல்லாமல் வெட்டவெளியாக இருக்கும், பின்தொடர்வது எளிது. அடுத்து ‘ரெய்ன் இன் பிளட்’, அதுவும் அரை மணிக்குள் முடிந்துவிடும். பிறகு கிளிப்பிங், பிறகு ‘அன்ட்ரூ’. ‘ஸ்கம்’ஐ கடைசியில் மறுபடி எடுங்கள். ‘ட்ரை ரெபிட்டே’யை, ‘அன்ட்ரூ’ பிடித்தால் மட்டும். ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிடாதீர்கள், கிக் டிரம் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும், அப்புறம் மறுபடியும் குரல் மட்டும்தான் மிஞ்சும்.