108 அனுபவம் அங்கே செல்லுமா?

அன்புள்ள தம்பிக்கு,

பெரம்பூரிலிருந்து நீங்கள் எழுதிய கேள்வியை, விடுமுறைக்கு வந்திருக்கும் நான் அயனாவரத்தில் அம்மா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து படித்தேன். 108 ஆம்புலன்ஸில் நான்கு ஆண்டுகள் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்திருக்கிறீர்கள். மனைவி வழியாகக் கிடைத்த குடியேற்ற விசாவில் அடுத்த மாதம் நியூஜெர்சிக்குப் புறப்படுகிறீர்கள். இந்த அனுபவத்தைக் காட்டி அங்கே நேரடியாக இ.எம்.டி. (ஆம்புலன்ஸில் வரும் அவசர மருத்துவ உதவியாளர்) வேலையில் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே ஆம்புலன்ஸ் வேலை பார்ப்பவன் என்பதால், சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இ.எம்.டி. சான்றிதழை அந்தந்த மாநிலம்தான் வழங்குகிறது. மாநிலம் ஏற்றுக்கொண்ட பயிற்சியை முடித்து, அவசர மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய அமைப்பான நேஷனல் ரெஜிஸ்ட்ரி நடத்தும் கணினித் தேர்விலும் தேறியாக வேண்டும். பயிற்சி 150 மணி நேரத்துக்குக் குறையாது. மாலை வகுப்பாகவோ வார இறுதி வகுப்பாகவோ சேர்ந்தால், பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டே சில மாதங்களில் முடித்துவிடலாம். தேர்வுக்கு இரண்டு மணி நேரம். நீங்கள் அளிக்கும் விடையைப் பார்த்துத்தான் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் என்பதால், ஒருவருக்கு 70 கேள்வியிலும் மற்றொருவருக்கு 120 கேள்வியிலும் தேர்வு முடியும். எனக்குச் சீக்கிரமே திரை அணைந்துவிட்டது. தோற்றுவிட்டேன் என்று நினைத்து வீட்டில் யாரிடமும் பேசாமல் ஓர் இரவைக் கழித்தேன். நீங்கள் அப்படிக் கழிக்க வேண்டாம், சீக்கிரம் முடிவதற்கு அது மட்டுமே பொருள் அல்ல.

பாடத்தில் பெரும்பகுதி உங்கள் கைக்குப் பழகியதுதான். நெஞ்சை 30 முறை அழுத்தி 2 முறை மூச்சு கொடுப்பதும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகமும் இங்கும் அங்கும் ஒன்றே. ஆனால் ஓரிடத்தில் உங்களுக்கு மனம் சுணங்கும். இங்கே கால் சென்டர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நீங்களே சலைன் ஏற்றியிருப்பீர்கள், அங்கே இ.எம்.டி. நிலையில் அதற்கு அனுமதி இல்லை. ஆக்சிஜன், மென்று விழுங்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளுக்கோஸ் ஜெல், ஒவ்வாமைக்கு எபிநெஃப்ரின் ஊசி, போதை மருந்தால் மூச்சு அடங்கியவருக்கு நலோக்சோன் என்று உங்கள் பை சிறியதாகவே இருக்கும். நரம்பில் மருந்து ஏற்றும் பாராமெடிக்குகள், நியூஜெர்சியில் மருத்துவமனைகளிலிருந்து தனி வண்டியில் வருவார்கள். தெரிந்த வேலையைச் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, தெரியாத வேலையைக் கற்பதைவிடக் கடினம் என்பதை நான் முதல் ஆண்டிலேயே உணர்ந்தேன்.

உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியது, கேட்கவும் சொல்லவும்தான். போன வாரம் கொன்னூர் நெடுஞ்சாலையில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஒருவர், சோடா வாங்கி வர ஒருவர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க நாலு பேர் என்று 108 வருவதற்குள் தெருவே கூடிவிட்டது. வந்த உதவியாளரும் கூட்டத்திடமே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அங்கே நோயாளி சுயநினைவோடு இருக்கும்வரை அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் சம்மதிக்காமல் தொட்டால் அது குற்றம். அங்கே ஒரு முறை நம்மூர்த் தாத்தா ஒருவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, "கேஸ்தான் தம்பி, ஈனோ குடிச்சா சரியாயிடும்" என்றார். மகனும் மருமகளும் அவரைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். பெயர், இருக்கும் இடம், கிழமை, நடந்தது ஆகிய நான்கையும் அவர் சரியாகச் சொல்லிவிட்டதால், எங்களால் அவரைத் தூக்க முடியாது. தரையில் உட்கார்ந்து, வலி எப்போது தொடங்கியது, தோளுக்குப் பரவுகிறதா, வியர்த்ததா என்று தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வியர்த்ததைச் சொல்லும்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து செருப்பைத் தேடினார்.

சொல்வதில் நான் பட்ட பாடு வேறு. அப்போது வேலை பார்த்த ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தில், ரேடியோவில் மருத்துவமனைக்கு ரத்த அழுத்தம் "ஒன் ஃபிஃப்டி" என்றேன். மறுமுனையில் 115 என்று எழுதிக்கொண்டார்கள். நாம் எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் சொல்வதால் ஃபிஃப்டியும் ஃபிஃப்டீனும் அவர்கள் காதில் ஒன்றாகவே விழுகின்றன. வாசலில் நர்ஸ் மறுபடி கேட்டதால் பிழைத்தேன். அன்றிலிருந்து எந்த எண்ணையும் முழுதாகச் சொன்ன பிறகு, "ஒன், ஃபைவ், ஜீரோ" என்று பிரித்தும் சொல்கிறேன். நீங்கள் இப்போதே வீட்டில் சொல்லிப் பழகலாம்.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் எழுதுகிறேன். 2024-இல் அமெரிக்க இ.எம்.டி.யின் இடைநிலை ஆண்டு ஊதியம் சுமார் 41 ஆயிரம் டாலர், பாராமெடிக்குக்குச் சுமார் 58 ஆயிரம். ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ வேண்டாம். நியூஜெர்சி வாடகை அந்தக் கணக்கை ஒரே மாதத்தில் கலைத்துவிடும். இ.எம்.டி.யை வாசற்படியாக வைத்துக்கொண்டு, ஓரிரு ஆண்டுகளுக்குள் பாராமெடிக் அல்லது நர்சிங் படிப்புக்குப் போய்விடுவது நல்லது என்பது என் கருத்து. நான் அதைத் தாமதமாகச் செய்தேன். பயிற்சிக் கட்டணத்துக்கு ஒரு வழி உண்டு: நியூஜெர்சியின் பல ஊர்களில் தன்னார்வ முதலுதவிக் குழுக்கள் இருக்கின்றன, அவற்றின் உறுப்பினர்களுடைய பயிற்சிச் செலவுக்கென்றே மாநிலத்தில் ஒரு நிதியும் இருக்கிறது.

புறப்படுமுன் இங்கேயே முடிக்க வேண்டியவை சில உண்டு. ஹெபடைடிஸ் பி, தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளுக்குத் தேதியும் முத்திரையும் உள்ள சான்று வாங்கிக்கொள்ளுங்கள், பயிற்சியின்போது கேட்பார்கள். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில், குழந்தையாக இருந்தபோது போட்ட பி.சி.ஜி. காரணமாக நமக்கு வீக்கம் வரக்கூடும். ரத்தச் சோதனையைச் செய்யுமாறு கேளுங்கள், அதை பி.சி.ஜி. குழப்பாது. இங்கே 108 வண்டியை பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநர் ஓட்டுவார், நீங்கள் பின்னால் இருப்பீர்கள். அங்கே பெரும்பாலும் இருவரும் மாறி மாறி ஓட்ட வேண்டும் என்பதால், போய் இறங்கியதும் முதல் வேலையாக ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். நான் இன்னும் மூன்று வாரம் அயனாவரத்தில்தான் இருப்பேன். உங்கள் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு ஒரு மாலை வாருங்கள், எது உதவும், எது பெட்டியில் சுமை மட்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.