முந்நூறு காணொளிகளும் மூன்று ரவிக்கைகளும்

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கிறேன், வயது 41. ஆறு மாதங்களுக்கு முன் தையல் இயந்திரம் வாங்கினேன். தினமும் எல்.ஆர்.டி. இரயிலில் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ரவிக்கை தைக்கும் குறுங்காணொளிகளைத்தான் பார்க்கிறேன்; முந்நூறுக்கும் மேல் சேமித்து வைத்திருக்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. இதுவரை தைத்த மூன்று ரவிக்கைகளிலும் கை சேரும் இடத்தில் சுருக்கம் விழுகிறது, கழுத்து அகன்று தூக்கி நிற்கிறது, துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. தீபாவளிக்கு மகளுக்கும் எனக்கும் பட்டு ரவிக்கையை நானே தைக்க ஆசை. காணொளி பார்த்தே இதைக் கற்றுக்கொள்ள முடியுமா, வகுப்பில்தான் சேர வேண்டுமா? என் கணவரும் காணொளி பார்த்துத் தண்ணீர்க் குழாயை மாற்றினார். அந்தத் தைரியத்தில் இப்போது புதிய மின்விசிறி மாட்டப் போகிறேன் என்கிறார்.

பதில்: நூல் சிக்கலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்றிலும் எளிதாகத் தீரக்கூடியது அதுதான். சிக்கல் துணிக்கு அடியில் தெரிவதால் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குறை சொல்வார்கள்; பாபின் பெட்டியைக் கழற்றி, திருகைத் திருப்பி, நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொள்வார்கள். உண்மையில் பெரும்பாலும் தவறு மேல் நூலில் இருக்கிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் கீழே இறங்கியிருக்கும்போது நூலைக் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தகடுகள் இரண்டும் மூடிக்கொண்டிருக்கும். நூல் அவற்றுக்கு இடையில் போய் உட்காராமல் மேலோடு நழுவி ஓடும். இழுத்துப் பிடிக்க ஆளில்லாத நூல் கீழே போய்க் குவிகிறது. பாதத்தைத் தூக்குங்கள், ஊசியை மேலே கொண்டுவாருங்கள், மேல் நூலை முழுவதுமாக உருவி மறுபடி கோத்துப் பாருங்கள். சிக்கல் தீர்ந்துவிட்டால் பாபினை இனித் தொட வேண்டாம். தீராவிட்டால் ஊசியைப் புதிதாக மாற்றி, அது சரியான பக்கம் திரும்பி முழுவதுமாக மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதை உங்கள் முந்நூறு காணொளிகளில் ஒன்றுகூடச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குக் காரணம் காணொளி சுருக்கமாக இருப்பதல்ல. அது தாமதமாகத் தொடங்கிச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது: முதல் காட்சியிலேயே நூல் கோத்தாகிவிட்டது, துணி நனைத்துத் தேய்த்து வெட்டியாகிவிட்டது, கடைசிக் காட்சியில் ரவிக்கை பொம்மை மேல் ஏறிவிட்டது, நடுவில் கை தயங்கிய இடங்களெல்லாம் வேகமாக ஓட்டப்பட்டோ வெட்டப்பட்டோ போய்விட்டன. யூடியூப் ஷார்ட்ஸுக்கு முன்பு ஒரு நிமிடம்தான் வரம்பு. 2024 அக்டோபரில் அதை மூன்று நிமிடமாக உயர்த்தினார்கள். நேரம் கூடியதே தவிர, தயங்கும் கையைக் காட்டும் பழக்கம் கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

பார்க்கும்போது எல்லாம் புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உணர்வை நம்ப வேண்டாம் என்பதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. மைக்கேல் கார்டாஸ், எட் ஓபிரையன் என்னும் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அம்பு எறிவது போன்ற செயல்களின் காணொளியைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு 20 முறையும் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்களுக்கு, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை ஏறியது; எறிந்து பார்த்தபோது திறமை ஏறியிருக்கவில்லை. அதே ஆய்வில், பந்து வித்தைக்காரர்கள் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் கட்டைகளை, காணொளி பார்த்தபின் சற்று நேரம் கையில் வாங்கிப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் அந்த மிகை நம்பிக்கை இறங்கிவிட்டது. வித்தை செய்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கட்டையின் கனம் கையில் தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

ஆகவே இரயில் பயணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். செந்தூல் தீமோரில் ஏறி மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்குவதாக வைத்துக்கொண்டால், ஆறு நிறுத்தங்களில் பத்துக் காணொளிகள் ஓடிவிடும். இனி ஒன்றே ஒன்று. அன்று மாலை எதைத் தைக்கப் போகிறீர்களோ அதைப் பற்றிய காணொளி மட்டும். ஒரு முறை பார்த்துவிட்டுக் கைப்பேசியை அணைத்து, முதலில் என்ன, அடுத்து என்ன என்று மனத்துக்குள் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். எந்தப் படியில் திக்குகிறீர்களோ அந்தப் படியை மட்டும் வீட்டில் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்து மறுபடி பாருங்கள். ஒரு கையசைவு பார்த்ததும் நிறுத்தி, அதைச் செய்துவிட்டு, அடுத்ததைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து தைப்பதைவிட நாளுக்கு ஒரு மணி நேரம் மேல். பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்கியபோது செய்த ஆய்வு ஒன்று 1978இல் வெளிவந்தது. நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம் பயின்றவர்கள்தான் மொத்தத்தில் மிகக் குறைந்த மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் நாள்கள் அதிகம் ஆனதால் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டவர்களும் அவர்களே. நீங்களும் சலித்துக்கொள்வீர்கள் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இப்போது கை சேரும் இடத்துச் சுருக்கம். இயந்திரத்தின் ஊசித் தகட்டில் சிறு பற்கள் மேலெழுந்து துணியைப் பின்னுக்குத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பற்கள் அடித் துணியைத்தான் பற்றித் தள்ளுகின்றன. மேல் துணி பாதத்தில் உரசிக்கொண்டு சற்றே பின்தங்குகிறது. சம நீளமுள்ள இரண்டு பட்டைத் துணிகளைக் குண்டூசி குத்தாமல் ஒன்றாக வைத்துத் தைத்துப் பாருங்கள். முடிவில் மேல் பட்டை கொஞ்சம் நீண்டு நிற்கும். ரவிக்கைக் கையின் வளைவு, உடம்பின் அக்குள் வளைவைவிடச் சற்று நீளமாக இருப்பது வழக்கம். நீளமான அந்தக் கைத்துணியை மேலே வைத்துத் தைத்தால், ஏற்கெனவே இருக்கும் மிச்சத்தோடு பாதம் தள்ளிவிட்ட மிச்சமும் சேர்ந்து கடைசியில் மடிப்பாக விழுகிறது. கைத்துணி அடியில், உடம்புத் துணி மேலே என்று மாற்றி வையுங்கள். பற்களே மிச்சத்தை உள்வாங்கிக்கொள்ளும்.

இத்துடன் இன்னொன்று. அக்குளின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை ஒரே ஓட்டமாகத் தைப்பது காணொளியில் பார்க்க அழகாக இருக்கும். அது இருபது வருடம் தைத்த கை. நீங்கள் கைத்துணியின் நடுப்புள்ளியைத் தோள்பட்டைத் தையலோடு பொருத்திக் குண்டூசி குத்துங்கள், பிறகு இரு முனைகளையும் குத்துங்கள், இடைப்பட்ட தூரத்தைப் பங்கிட்டுக் குத்துங்கள், அதன்பின் தோள்பட்டையிலிருந்து ஒரு பக்கமாகவும் பின் மறுபக்கமாகவும் தையுங்கள். தைப்பதற்கு முன் அளவு நாடாவை விளிம்பில் நிமிர்த்தி நிறுத்தி இரண்டு வளைவுகளையும் தையல் கோட்டிலேயே அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை அங்குலம் என்றால் அடங்கிவிடும். ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் தையலில் குற்றமில்லை, வெட்டியதில்தான் பிழை. கைத்துணியின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிட அதிகம் குடையப்பட்டிருக்கும் என்பதால் வெட்டியவுடனே சாக்குக்கட்டியால் 'முன்' என்று எழுதி வையுங்கள். நான் முதன்முதலில் வெட்டிய ரவிக்கைக்கு இரண்டுமே இடக்கையாக வந்தன. என் அம்மா அதைப் பிரிக்கக்கூட விடாமல் பல காலம் பத்திரமாக வைத்திருந்தார், எதற்கு என்று உங்களுக்குப் புரியும்.

கழுத்து அகன்று போவதற்கு உங்கள் அளவு காரணமாக இருக்கலாம். ஆனால் மூன்றிலும் அகன்றிருப்பதால் வெட்டியபின் துணி இழுபட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். வளைவாக வெட்டிய விளிம்பு துணியின் இழைக்குச் சாய்வாகப் போவதால் தொட்டாலே நீளும். வெட்டியவுடன், வேறு எந்த வேலையையும் தொடுமுன், ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே, தைக்கும் கோட்டுக்கு வெளியே இருக்கும்படி ஒற்றைத் துணியில் ஒரு காவல் தையல் ஓட்டிவிடுங்கள். காணொளியில் இந்தத் தையல் பட்டிக்குள் மறைந்துபோவதால் கண்ணுக்கே தெரியாது.

எந்தக் காணொளியை நம்புவது என்பதற்குப் பார்வையாளர் எண்ணிக்கை உதவாது. படக்கருவி தைப்பவரின் தோளுக்கு மேலிருந்து, அவர் கண் பார்க்கும் திசையிலேயே பார்க்கிறதா என்று கவனியுங்கள். எதிரிலிருந்து எடுத்தது என்றால் இடம் வலமாக மாறி மூளைக்கு இரட்டை வேலை. தவறிய தையலைப் பிரித்துக் காட்டுகிறவர் கிடைத்தால் அவரைப் பின்தொடருங்கள். மார்புச் சுற்றளவை நான்கால் வகுத்து ஒன்றரை அங்குலம் கூட்டு என்று வாய்பாடு மட்டும் சொல்கிறவர், தன் எதிரில் நிற்கும் உடம்புக்குச் சொல்கிறார்; உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கையே உங்கள் வாய்பாடு. அதைப் பிரித்துப் பழுப்புக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள், பிரிக்க மனமில்லையென்றால் குண்டூசி குத்தி ஒவ்வொரு பாகமாக வரைந்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக் காணொளிகளில் 36 அங்குல அகலமுள்ள ரவிக்கைத் துணியை மடித்து வெட்டுவார்கள். மஸ்ஜிட் இந்தியாவில் நீங்கள் மீட்டர் கணக்கில் வாங்கும் துணி 45 அங்குலமாகவும் இருக்கும், 60 அங்குலமாகவும் இருக்கும். அவர்கள் மடித்தது போலவே மடித்தால் இழை திசை மாறிவிடும். அடிப்படைத் தையல் பழக 'சாரா ஜாஹிட்' (தைக்கும் முறை) என்று மலாயில் தேடிப் பாருங்கள். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங் தைப்பவர்களும் நம் கடைகளில் கிடைக்கும் அதே நூலையும் அதே துணியையும்தான் கையாளுகிறார்கள். கழுத்துப் பட்டி வைப்பதை மலாய்க்காரப் பெண் ஒருவரின் நிதானமான நீண்ட காணொளியைப் பார்த்துத்தான் என் மாணவிகளுக்கு விளக்குகிறேன்.

வகுப்பில் சேர வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் வகுப்பு நடத்துகிறவள், சேருங்கள் என்றுதான் சொல்வேன் என்று நினைப்பீர்கள். உங்களுக்கு முழு வகுப்பு தேவையில்லை. கை ஓரளவு பழகிவிட்டது, இயந்திரமும் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது உங்கள் கையைப் பார்த்துத் திருத்தும் ஒரு கண். காணொளியை நீங்கள் பார்க்கிறீர்கள், அது உங்களைப் பார்ப்பதில்லை. 2001 முதல் மலேசியா முழுவதும் இயங்கிவரும் சமூகக் கல்லூரிகளில் பொதுமக்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகள் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன; தையல் பயிற்சி எப்போது, எங்கே என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் நன்றாகத் தைக்கும் அக்கா ஒருவரிடம் கெட்டுப்போன மூன்று ரவிக்கைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். புதுத் துணி கொண்டுபோனால் அவரே தைத்துக் கொடுத்துவிடுவார், நீங்கள் எதையும் கற்க மாட்டீர்கள். ஆள் கிடைக்காத நாளில் கைப்பேசியை நிறுத்தி உங்கள் கைகளையே அரை நிமிடம் படம் பிடித்து, கற்ற காணொளியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது கை துணியைப் பிடித்து இழுக்கிறதா, வழிகாட்டுகிறதா என்பது அப்பட்டமாகத் தெரியும்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. குழாய் மாற்றுவதில் தவறினால் தண்ணீர் கொட்டும். பிரதான வால்வை மூடினால் நின்றுவிடும். மின்விசிறி அப்படியல்ல. வெளிநாட்டுக் காணொளியில் வரும் கம்பிகளின் நிறமும் இணைப்பு முறையும் நம் வீட்டுக் கூரைக்குள் இருப்பதோடு ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நம் நாட்டில் வீட்டு மின்கம்பி வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற தொழிலாளிதான் செய்ய வேண்டும். பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு விசிறியின் இறக்கைகளைத் துடைப்பதோடு அவர் நின்றுகொள்ளட்டும்.

சேமித்து வைத்த முந்நூறை அழிக்க மனம் வராது என்பது தெரியும். நூல் கோப்பது, கழுத்துப் பட்டி, கை சேர்ப்பது, கொக்கிப் பட்டி, முன்பக்க டாட் (உடம்பு வளைவுக்கான கூம்பு மடிப்பு) பிடிப்பது என்று ஒரு வேலைக்கு ஒரு காணொளியைத் தனிப் பட்டியலில் எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய படுக்கை விரிப்பை வெட்டி இரண்டு கைகளை மட்டும் மூன்று முறை சேர்த்துப் பழகுங்கள். பிறகு நனைத்துக் காயவைத்துத் தேய்த்த பருத்தித் துணியில், 14ஆம் எண் ஊசியில், உங்களுக்கு ஒரு ரவிக்கை; அதை உடுத்தி ஒரு நாள் முழுவதும் வேலைக்குப் போய்வந்து, எங்கே இழுக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தத் திருத்தத்தோடு இன்னொன்று. அந்த இரண்டாவது பருத்தி ரவிக்கையைப் பற்றி நாள் முழுவதும் நினைவே வராமல் இருந்தால், 11ஆம் எண் ஊசிக்கு மாறிப் பட்டுத் துணியை வெட்டலாம். தீபாவளிக்குள் அந்த நிலை வராவிட்டால் பட்டுத் துணியை இந்த வருடம் தையல்காரரிடமே கொடுத்துவிடுங்கள். பருத்தியில் பிரித்த தையல் துவைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும், பட்டில் ஊசி போன ஓட்டை வரிசையாக நிற்கும்.